கடைசி எட்டு எபிசோட்: பிரேக்கிங் பேட் முடிவுக்குக் காத்திருக்கும் சேலத்து ரசிகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அஸ்தம்பட்டியில் ஒரு மாடி வீட்டு ஹாலில், ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எட்டு மணிக்குக் கூடுகிறோம். வாரம் ஒரு எபிசோட், அதற்கு மேல் கிடையாது. பிரேக்கிங் பேட் என்ற அந்த அமெரிக்கக் குற்றத் தொடர் மொத்தம் 62 எபிசோட். 54 முடிந்துவிட்டது. கடைசி எட்டு தொடங்கப்போகிறது என்றதும் புதிதாக வர நினைப்பவர்கள், பாதியில் விட்டவர்கள், வீட்டுப் பெரியவர்களைக் கூட்டி வரலாமா என்று யோசிப்பவர்கள் என ஆளாளுக்குக் கேள்வி. போனில் பதில் சொல்லி மாளவில்லை. அதனால் மொத்தமாக எழுதிவிட்டேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 54-ஆவது எபிசோட் வரை நடந்தது எல்லாம் கீழே வரும். அதற்குப் பிறகு நடப்பது ஒரு வரிகூட வராது. நான் 2013-லேயே பார்த்து முடித்தவன்தான், ஆனால் என் வாயைப் பிடுங்க முடியாது.

நான் புதிது. இப்போது வந்து சேர்ந்தால் புரியுமா?

புரியாது. யார் யாரை எதற்கு முறைக்கிறார்கள் என்றே தெரியாமல் உட்கார்ந்திருப்பீர்கள். நெட்ஃபிளிக்ஸில் இருக்கிறது, முதலிலிருந்து பார்த்துக்கொண்டு வாருங்கள். முதல் சீசன் ஏழே எபிசோட்தான். 2007-08-ல் ஹாலிவுட் எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் செய்ததில் சுருங்கிப்போனது. ஆரம்பம் நிதானமாகத்தான் போகும். இரண்டாவது சீசன் பாதிவரை பொறுத்துக்கொண்டவர்கள் அதற்கப்புறம் எழுந்து போவதை நான் பார்த்ததில்லை.

பார்த்து ரொம்ப நாளாகிறது. கதை இப்போது எங்கே நிற்கிறது?

கழிப்பறையில். சும்மா சொல்லவில்லை, நிஜமாகவே அங்கேதான் நிற்கிறது.

நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஆல்புகர்க்கி என்ற ஊர். வால்டர் வைட் பள்ளிக்கூடக் கெமிஸ்ட்ரி வாத்தியார். ஐம்பதாவது பிறந்தநாளை ஒட்டி நுரையீரல் புற்றுநோய் என்று தெரியவருகிறது. குடும்பத்துக்குப் பணம் சேர்த்துவிட்டுப் போகலாம் என்று, தன்னிடம் படித்த ஜெஸ்ஸி பிங்க்மேனைக் கூட்டாளியாக வைத்துக்கொண்டு மெத் என்ற போதைப்பொருளைக் காய்ச்ச இறங்குகிறார். அவருடைய சகலை ஹேங்க், போதைப்பொருள் தடுப்புத் துறை அதிகாரி. ஒரே குடும்பத்தில் பெண் எடுத்த இரண்டு பேர், ஒரே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். ஹேங்க் தேடும் ஆள் வாத்தியார்தான்.

ஐந்தாவது சீசனின் முதல் பாதி முடியும்போது வாத்தியார் உச்சத்தில் இருக்கிறார். தொழிலில் கூட்டாளியான மைக்கைச் சுட்டுவிட்டார். வாயைத் திறக்கக்கூடிய ஆட்களைச் சிறைகளுக்குள்ளேயே, இரண்டு நிமிஷத்துக்குள், ஆள் வைத்துத் தீர்த்துவிட்டார். மனைவி ஸ்கைலர் அவரை ஒரு சேமிப்புக் கிடங்குக்கு அழைத்துப் போய்க் காட்டுகிறாள்: எண்ணக்கூட முடியாத அளவுக்கு நோட்டுக்கட்டு, ஒரு கட்டில் அகலத்துக்கு அடுக்கி, மேலே துணி போட்டு மூடியிருக்கிறது. போதுமா, இன்னும் எவ்வளவு வேண்டும் என்று கேட்கிறாள். அதற்கப்புறம் அவர் தொழிலை விட்டுவிட்டதாகச் சொல்கிறார். ஜெஸ்ஸியின் வாசலில் பணப்பைகளை வைத்துவிட்டு வருகிறார்.

பிறகு வீட்டுப் பின்பக்கம், நீச்சல் குளத்தோரம் குடும்பமே உட்கார்ந்து சாவகாசமாகப் பேசிக்கொண்டிருக்கிறது. ஹேங்க் எழுந்து கழிப்பறைக்குப் போகிறார். அங்கே கிடக்கும் புத்தகங்களைப் புரட்டுகிறார். ஒன்று வால்ட் விட்மனின் கவிதைத் தொகுப்பு. உள்பக்கத்தில் கையெழுத்தில் ஒரு அர்ப்பணிப்பு, அதில் டபிள்யூ. டபிள்யூ. என்ற முதலெழுத்து. அந்தக் கையெழுத்தை அவர் ஏற்கெனவே பார்த்திருக்கிறார், வாத்தியாரோடு மெத் காய்ச்சி, பிறகு கொலையான கேல் என்பவனுடைய நோட்டில். அப்போது இந்த எழுத்து யாராக இருக்கும் என்று விளையாட்டாகப் பேசியதும், வாத்தியார் கையைத் தூக்கி "நான்தான், பிடித்துவிட்டீர்கள்" என்று சிரித்ததும் அவருக்கு ஞாபகம் வருகிறது. ஹேங்க் தலையை நிமிர்த்துகிறார். திரை கறுப்பாகிறது.

ஆறரை மணி நேரம்தானே மிச்சம்? ஒரே ராத்திரியில் முடித்துவிட்டால் என்ன?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது, இதைக் கேட்கிறவர்கள்தான் அதிகம் சண்டையும் போடுகிறார்கள்.

கணக்கு சரிதான். எட்டு எபிசோடும் சேர்த்துச் சுமார் ஆறரை மணி நேரம். ஆனால் 2012 செப்டம்பர் 2-ஆம் தேதி ஹேங்க் அந்தப் புத்தகத்தைத் திறந்ததைப் பார்த்தவர்கள், அடுத்து என்ன என்று தெரிந்துகொள்ள 2013 ஆகஸ்ட் 11 வரை காத்திருந்தார்கள். பதினோரு மாதத்துக்கு மேல். அதற்கப்புறமும் வாரம் ஒன்றாக, செப்டம்பர் 29 வரை. அந்த எட்டு வாரமும் தொடரை ஒளிபரப்பிய ஏஎம்சி சேனல், அன்றைய எபிசோடைப் பற்றி அதே ராத்திரி பேசுவதற்கென்றே ஒரு நிகழ்ச்சியும் போட்டது. நம் ஊரில் அப்போது ஒரு சங்கடம் இருந்தது. அங்கே கிழக்குக் கரையில் ஞாயிறு ராத்திரி ஒன்பது மணிக்கு ஓடுவது நமக்குத் திங்கள் காலை ஆறரை. சேலத்தில் பால் பாக்கெட் வாங்கிக்கொண்டு வரும் நேரத்தில் அங்கே ஒருவன் செத்துக்கொண்டிருப்பான். எட்டு மணிக்கு பஸ்ஸில் ஏறி ஃபேஸ்புக்கைத் திறந்தால் போச்சு. நெட்ஃபிளிக்ஸ் இந்தியாவுக்கு வந்ததே 2016 ஜனவரியில்தான்.

அந்தக் காத்திருப்பு ஒரு தொல்லை, அதைத் தாண்டித்தான் கதையைப் பார்க்க வேண்டியிருந்தது என்று இப்போது நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. இந்தத் தொடர் அந்த இடைவெளியை நம்பி எழுதப்பட்டது. ஒவ்வொரு எபிசோடும் ஒரு கேள்வியோடு உங்களை வீட்டுக்கு அனுப்புகிறது. அந்த வாரம் முழுக்க நீங்கள் ஹேங்க்காக யோசிக்கிறீர்கள், அடுத்த நாள் வாத்தியாராக யோசிக்கிறீர்கள், புதன்கிழமை ஜெஸ்ஸி பாவம் என்று தோன்றுகிறது. வாரப் பத்திரிகையில் தொடர்கதை படித்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். "தொடரும்" என்று முடிந்த பிறகு கதை நம் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது, அடுத்த வியாழன் வரை. "அடுத்த எபிசோட் 5 விநாடியில்" என்று வந்து நிற்கும் பொத்தான் அந்த வேலையை நம்மிடமிருந்து பிடுங்கிக்கொள்கிறது. ஒரே ராத்திரியில் பார்த்தால் என்ன நடந்தது என்று தெரியும். என்னவெல்லாம் நடந்திருக்கலாம் என்பது தெரியாமலே போய்விடும்.

எங்கள் ஹாலில் எபிசோட் முடிந்ததும் ரிமோட்டை எடுத்து அலமாரியில் வைத்துவிடுவோம். பேச்சு அதற்கப்புறம் ஒரு மணி நேரம் ஓடும். பாதிப் பேர் வருவதே அதற்குத்தான்.

கடைசி எட்டில் விடை வர வேண்டிய கேள்விகள் எவை?

பெரியது ஒன்று, மற்றவை அதற்குள் அடங்கும். ஹேங்க் இனி என்ன செய்வார்? கைது செய்யலாமே என்று எளிதாகச் சொல்லிவிடலாம். எங்கள் கூட்டத்தில் வக்கீல் தொழிலில் இருக்கும் அக்கா ஒருவர் உடனே மடக்கினார்: "கழிப்பறையில கிடைச்ச புத்தகத்த வச்சு எந்தக் கோர்ட்டுல நிப்பீங்க?" அவர் சொன்னது நியாயம். தவிர, வேறொரு முடிச்சும் இருக்கிறது. ஹேங்க் சுடப்பட்டுப் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது சிகிச்சைக்குப் பணம் கொடுத்தது வாத்தியார் வீடு. சீட்டாட்டத்தில் ஜெயித்த பணம் என்று ஸ்கைலர் சொன்னாள். தன்னை எழுந்து நடக்க வைத்தது மெத் பணம் என்று தெரிந்த அதிகாரி அதை மேலதிகாரியிடம் எப்படிச் சொல்வார்? உத்தியோகம் போகும், மானமும் போகும். மச்சினி சம்பந்தப்பட்டிருக்கிறாள், பெண்டாட்டி நடுவில் நிற்கிறாள். சகலை சண்டை எந்த வீட்டிலும் இரண்டு பேரோடு முடிவதில்லை.

இரண்டாவது, துப்பாக்கி. ஐந்தாவது சீசனின் முதல் காட்சியை மறந்தவர்கள் அதை மட்டும் ஒருமுறை திரும்பப் பாருங்கள். தலைமுடி வளர்ந்து, தாடியோடு, வேறு பெயரில், வாத்தியார் ஒரு ஓட்டலில் தனியாக உட்கார்ந்திருக்கிறார். தட்டில் இருக்கும் பன்றி இறைச்சித் துண்டுகளை உடைத்து 52 என்று அடுக்குகிறார். அன்று அவருடைய ஐம்பத்திரண்டாவது பிறந்தநாள். வெளியே ஒரு கார் டிக்கியில் எம்60 இயந்திரத் துப்பாக்கி. அடையாள அட்டை நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தது, நாட்டின் மறுகோடி. அந்த நாளுக்குக் கதை இன்னும் வந்து சேரவில்லை. யாருக்காக அந்தத் துப்பாக்கி?

மூன்றாவது, ரைசின். படுக்கையறையில் சுவரில் இருக்கும் பிளக் பாயின்டுக்குப் பின்னால் அந்தக் குப்பி ஒளிந்திருக்கிறது. யாருக்கோ என்று எடுத்து, பயன்படாமல் திரும்பி, வேறு யாருக்கோ என்று எடுத்து, மறுபடியும் பயன்படாமல் இருக்கிறது. ரைசின் ஆமணக்கு விதையில் உள்ள நஞ்சு என்று சொன்னதும் கூட்டத்தில் இருந்த பெரியம்மா பதறிவிட்டார். அவர்கள் வீட்டுப் பக்கம் ஆமணக்குதான் பயிரே. நம் மாவட்டத்தில் ஏத்தாப்பூரில் மரவள்ளிக்கும் ஆமணக்குக்கும் சேர்த்து ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. கடையில் வாங்கும் விளக்கெண்ணெயில் அந்த நஞ்சு இருக்காது என்று சொல்லிச் சமாதானப்படுத்த வேண்டியதாயிற்று.

நான்காவதுதான் எனக்கு எப்போதும் வயிற்றைக் கலக்குவது. ஜெஸ்ஸிக்குத் தெரியாதவை. ஜெஸ்ஸியின் காதலி ஜேன் மூச்சுத் திணறிச் சாகும்போது வாத்தியார் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், கையை நீட்டவில்லை. ஜெஸ்ஸி பிறகு பழகிய பெண்ணின் மகன், சின்னப் பையன் பிராக்குக்கு விஷம் வைத்ததும் அவர்தான். நமக்குத் தெரியும், ஜெஸ்ஸிக்குத் தெரியாது. தெரியவருமா, யார் சொல்லி, எப்போது?

நோய் திரும்பியதா, வாத்தியாரின் தொழிலில் வந்து சேர்ந்த டாட் என்ற அந்தச் சாதுப் பையன் இன்னும் எவ்வளவு தூரம் போவான், கிடங்கில் இருக்கும் பணம் யாருக்குப் போகும் என்பதெல்லாம் இவற்றின் வால்கள்.

எழுதியவர்களுக்கு முடிவு முதலிலேயே தெரிந்திருக்குமே?

தெரிந்திருக்கவில்லை. இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. அந்தத் துப்பாக்கியைக் காரில் வைத்தபோது, அதை எதற்குப் பயன்படுத்தப்போகிறோம் என்று தனக்கும் தன் எழுத்தாளர் குழுவுக்கும் தெரியாது என்று தொடரை உருவாக்கிய வின்ஸ் கில்லிகன் பலமுறை சொல்லியிருக்கிறார். முதலில் வைத்துவிட்டார்கள், பிறகு மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். ஜெஸ்ஸியையும் முதல் சீசனோடு சாகடித்துவிடத்தான் நினைத்திருந்தார். ஏரன் பால் நடித்ததைப் பார்த்துவிட்டு மனதை மாற்றிக்கொண்டார்.

ஆகவே ஞாயிறு ராத்திரி நீங்கள் சொல்லும் யூகம் அபத்தம் என்று யாராவது சிரித்தால் கண்டுகொள்ளாதீர்கள். அவர்கள் அறையிலும் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்திருப்பார்கள்.

ஸ்பாய்லர் படாமல் எட்டு வாரம் தள்ளுவது எப்படி?

முடிந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆன தொடர். தெரிந்தவர்கள் ஊர் முழுக்க இருக்கிறார்கள். நடிகர் பெயரைக்கூடத் தேடாதீர்கள். தேடுபொறி நீங்கள் கேட்காததையும் சேர்த்துத் தரும். யூடியூப்பில் ஒரே ஒரு காட்சியைப் பார்த்தால் போதும், மறுநாள் காலை உங்கள் முகப்பில் கடைசிக் காட்சியின் படமே வந்து உட்கார்ந்திருக்கும். எபிசோட் பெயர்களையும் முன்னாலேயே படிக்க வேண்டாம்.

மனிதர்களைச் சமாளிப்பதுதான் கடினம். "என்ன பாக்குறீங்க? ஓ, அதுவா! அதுல கடைசில அந்தாளு…" என்று ஆரம்பிக்கும் அலுவலக நண்பரை வாய் மூடச் செய்ய நாகரிகமான வழி ஒன்றும் இல்லை. நான் சட்டென்று எழுந்து போய்விடுவேன். எங்கள் கூட்டத்தில் ஒரு தம்பிக்கு ஐந்து ரோடு பக்கம் முடிவெட்டும் கடையில் பாதி விஷயம் காதில் விழுந்துவிட்டது. அவன் அதை யாரிடமும் சொல்லாமல் உட்கார்ந்திருக்கிறான். பாதி தெரிந்தவன் படும் பாடு ஒன்றும் தெரியாதவனுக்கு இல்லை.

இதைவிட மோசமான இன்னொரு வகை இருக்கிறது. முடிவைச் சொல்ல மாட்டார்கள், ஆனால் "பாரு பாரு, இனிமேதான் இருக்கு" என்று சிரிப்பார்கள். அதுவும் ஸ்பாய்லர்தான்.

எட்டில் எது சிறந்தது?

ஆறாவது என்பதுதான் பெரும்பாலோர் தீர்ப்பு. ஆங்கிலக் கவிஞர் ஷெல்லியின் ஒரு கவிதைத் தலைப்பைத் தாங்கியது, ரையன் ஜான்சன் இயக்கியது, 2013 செப்டம்பர் 15-ல் ஒளிபரப்பானது. அந்தக் கவிதை பாலைவனத்தில் உடைந்து கிடக்கும் ஒரு சக்கரவர்த்தியின் சிலையைப் பற்றியது. கடைசி எட்டுக்கு முன்னோட்டமாக 2013 ஜூலையில் ஒரு விளம்பரம் விட்டார்கள். நியூ மெக்சிகோவின் வறண்ட நிலம், அதன் மேல் வாத்தியாராக நடித்த பிரயன் கிரான்ஸ்டன் அந்தக் கவிதையைப் படிக்கும் குரல், அவ்வளவுதான். கதை ஒரு துளிகூட இல்லை. முன்னோட்டம் என்றால் அப்படி இருக்க வேண்டும். இப்போது வரும் ட்ரெய்லர்களைப் பார்த்தால் படத்துக்குப் போகவே தேவையில்லை.

அந்த ஆறாவது எபிசோட் அன்று மட்டும் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். காரணம் கேட்காதீர்கள்.

ஸ்கைலரைப் பிடிக்கவில்லை. எனக்கு மட்டும்தானா?

உங்களுக்கு மட்டும் இல்லை. எங்கள் ஹாலில் ஆண்கள் பாதிப் பேருக்குப் பிடிக்காது. "அவன் யாருக்காகச் சம்பாதிக்கிறான், இவ என்னமோ நச்சரிக்கிறா" என்பது இரண்டாவது சீசனிலிருந்து காதில் விழும் வசனம். அமெரிக்காவிலும் இதே கதைதான். அந்த வெறுப்பு பாத்திரத்தைத் தாண்டி நடிகை அன்னா கன்னின் மேலேயே பாய்ந்தது. கடைசி எட்டு ஓடிக்கொண்டிருந்த 2013 ஆகஸ்டில் அவர் நியூயார்க் டைம்ஸில் அதைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதினார்.

நான் ஸ்கைலர் கட்சி. கைக்குழந்தை, வளர்ந்த மகன், வீட்டுக்காரர் மெத் காய்ச்சுகிறார். அவள் என்ன செய்திருக்க வேண்டும் என்று கேட்டால் திட்டுகிறவர்களிடம் பதில் இல்லை. போலீஸுக்குப் போனால் பிள்ளைகளின் அப்பா சிறைக்குப் போவார், போகாவிட்டால் அவளும் குற்றவாளி. நாம் வாத்தியாரின் தோளுக்குப் பின்னால் நின்று 54 எபிசோட் பார்த்துவிட்டோம். அவர் நமக்கு நல்லவராகத் தெரிவதற்கு அதுதான் காரணம். வேறு காரணம் கிடையாது.

ஒருமுறை ஹாலில் இந்தச் சண்டை முற்றியபோது பெரியம்மா வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்: "குடும்பத்துக்குனு சொல்லாத திருடன் எவன் இருக்கான்?" அதற்கப்புறம் அந்த வாரம் யாரும் பேசவில்லை.

பெரியவர்களைக் கூட்டி வரலாமா? ஆங்கிலம் தெரியாதே?

தாராளமாக. சப்டைட்டில் ஆங்கிலத்தில் ஓடும், பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து தணிந்த குரலில் சொல்லிக்கொண்டே வருவார். மெக்சிகோக்காரர்கள் ஸ்பானிஷில் பேசும் இடங்களில் நம் எல்லோருக்கும் ஒரே நிலைமைதான். கெட்ட வார்த்தைகளை மொழிபெயர்க்க வேண்டிய அவசியம் இல்லை, குரலிலேயே தெரிந்துவிடுகிறது.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் வேண்டாம். இதில் விவாதமே இல்லை.

இதைப் பார்த்து யாராவது மெத் காய்ச்சக் கற்றுக்கொள்ள மாட்டார்களா?

அப்பாக்கள் கேட்கும் கேள்வி. மாட்டார்கள். தயாரிப்பு முறையில் படிகளை வேண்டுமென்றே விட்டும் மாற்றியும்தான் காட்டினார்கள். ஓக்லஹோமா பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் டோனா நெல்சன் அறிவியல் ஆலோசகராக இருந்தார். அந்த நீல நிறம் கதைக்காக வைத்தது. திரையில் பளபளக்கும் நீலக் கட்டிகள் வெறும் நிறம் சேர்த்த கற்கண்டு. முதல் சீசனில் அமிலம் குளியல் தொட்டியையே கரைத்துத் தரையையும் ஓட்டை போடுகிறதே, அதை மித்பஸ்டர்ஸ் என்ற நிகழ்ச்சியில் 2013-ல் செய்து பார்த்தார்கள். தொட்டி அப்படியே இருந்தது.

தவிர, இதில் மெத்தைத் தொட்டவன் எவனாவது நன்றாக இருக்கிறானா?

சேலத்தில் உட்கார்ந்து அமெரிக்கக் க்ரைம் தொடர் பார்ப்பது கொஞ்சம் ஓவராக இல்லையா?

க்ரைம் கதைக்குச் சேலம் புது ஊர் இல்லை. ஏற்காடு போகும் சாலையில் ஒரு முகப்பு வளைவு தனியாக நிற்கிறதே, அதுதான் மாடர்ன் தியேட்டர்ஸ் வாசல். டி.ஆர். சுந்தரம் நடத்திய அந்த ஸ்டூடியோ 1950-லேயே வடுவூர் துரைசாமி ஐயங்காரின் துப்பறியும் நாவலை திகம்பர சாமியார் என்று படமாக்கியது. 1966-ல் வல்லவன் ஒருவன், 1970-ல் சி.ஐ.டி. சங்கர் என்று ஜெய்சங்கருக்குத் 'தென்னக ஜேம்ஸ் பாண்ட்' பட்டம் வாங்கிக் கொடுத்த படங்களும் அங்கிருந்து வந்தவைதான். எங்கள் கூட்டத்தில் மூத்தவரான மாமா ஒருவர் சின்ன வயதில் அந்தக் கேட் பக்கம் நின்று நடிகர்களின் கார் வருமா என்று பார்த்திருந்தவர். வாத்தியார் முதன்முதலாகத் தொப்பியைப் போட்டுக்கொண்டு கறுப்புக் கண்ணாடியோடு வந்தபோது கைதட்டியது அவர் ஒருவர்தான்.

அந்தப் படங்களில் கடைசி ரீலில் போலீஸ் ஜீப் வரும், வில்லன் பிடிபடுவான், எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்குப் போவார்கள். இந்தத் தொடரில் ஜீப் வந்தால் நாம் யார் பக்கம் நிற்போம் என்றே தெரியவில்லை. மாமாவின் ஒரே குறை அது.

கடைசி எபிசோடை ஏற்காட்டில் பார்க்கப்போகிறீர்களாமே?

ஆமாம். 62-ஆவது மட்டும். அதை ஞாயிறிலிருந்து சனிக்கிழமை ராத்திரிக்கு மாற்றியிருக்கிறோம், மறுநாள் வேலைக்குப் போக வேண்டாம் என்று. காபித் தோட்டத்தை ஒட்டிய ஒரு வீடு, தரையில் பாய், எல்லோருக்கும் இடம் இருக்கிறது. பலர் கேட்டதால் சில விவரங்கள்.

இருட்டுவதற்குள் மேலே வந்துவிடுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவு, சாயந்திரத்துக்கு மேல் பனி இறங்கினால் அடுத்த வளைவே தெரியாது. பழக்கமில்லாதவர்கள் குப்பனூர் வழியை ராத்திரியில் முயல வேண்டாம். சேலத்தில் வேர்த்துக்கொண்டு கிளம்புவீர்கள், மேலே ஸ்வெட்டர் தேவைப்படும்; கடல் மட்டத்திலிருந்து ஐயாயிரம் அடி. தூக்க மாத்திரை போட்டதுபோல் தூங்கிவிடும் அண்ணன் ஒருவர் இருக்கிறார், அவரை எழுப்பும் பொறுப்பு அவர் மனைவியுடையது.

நெட்வொர்க்கை நம்பிப் போகவில்லை. கடைசிக் காட்சியில் வட்டம் சுற்றிக்கொண்டு நின்றால் யாரும் யாரையும் மன்னிக்க மாட்டார்கள். டிஸ்க் செட்டும் பிளேயரும் கீழே இருந்தே கொண்டுபோகிறோம், பழைய இன்வெர்ட்டர் ஒன்றும் வருகிறது. எபிசோட் கிட்டத்தட்ட 55 நிமிஷம், வழக்கத்தைவிட நீளம். நடுவில் நிறுத்த மாட்டோம்.

பீட்சா வாங்கி வந்து கூரையில் வீசலாம் என்று சில பிள்ளைகள் திட்டம் போடுவதாகக் கேள்விப்பட்டேன். மூன்றாவது சீசனில் வாத்தியார் அப்படி வீசியதால் ஆல்புகர்க்கியில் அந்த நிஜ வீட்டின் மேல் ரசிகர்கள் வருஷக்கணக்கில் பீட்சா வீசினார்கள். நிறுத்துங்கள் என்று 2015-ல் கில்லிகனே கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று, கடைசியில் வீட்டுக்காரர்கள் வேலி போட்டுவிட்டார்கள். ஏற்காட்டில் கூரையில் ஏறுவது குரங்கு. அடுத்த நாள் வீட்டுக்காரர் நம்மைத் தேடி வருவார்.

சாப்பிட என்ன கொண்டு வரலாம்?

தட்டு வடை செட், வேறு எது கொண்டு வந்தாலும் தீராது. ஆனால் கடையில் செட்டாகப் போட்டு வாங்கி வராதீர்கள், அஸ்தம்பட்டி வருவதற்குள் நமத்துவிடும். தட்டையைத் தனியாக, துருவின கேரட் பீட்ரூட்டைத் தனியாக, பச்சைச் சட்னி சிவப்புச் சட்னி தனித்தனியாக வாங்கி வந்து ஹாலில் போட்டுக்கொள்ளலாம். எபிசோட் ஓடும்போது கடிக்கக் கூடாது. அந்தக் 'கரக்' சத்தத்தில் ஹேங்க் பேசின ஒரு முழு வசனம் போயிருக்கிறது.

முடிந்த பிறகு வேறு என்ன பார்க்கலாம்?

இதே உலகத்தில் 2015 முதல் 2022 வரை ஓடிய பெட்டர் கால் சால் 63 எபிசோட். வக்கீல் சால் குட்மேனின் பழைய கதை. என்னைக் கேட்டால் சில இடங்களில் இதைவிட நன்றாக எழுதியது. 2019-ல் எல் கமீனோ என்று ஒரு படமும் வந்தது. இரண்டையும் இப்போது தொடவே கூடாது. படத்தின் போஸ்டரைக்கூடப் பார்க்காதீர்கள்.

முடிவு ஏமாற்றிவிட்டால்?

அந்தப் பயம் 2013-லும் இருந்தது. முதல் எபிசோடைப் பார்த்தவர்கள் அமெரிக்காவில் சுமார் 14 லட்சம் பேர், கடைசி எபிசோடுக்குக் காத்திருந்தவர்கள் ஒரு கோடிக்கு மேல். கடைசிக்கு முந்தைய எபிசோட் ஓடிய அதே ராத்திரி சிறந்த தொடருக்கான எம்மி என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி விருதையும் கொடுத்துவிட்டார்கள், முடிவைப் பார்க்காமலே. அவ்வளவு எதிர்பார்ப்பை எந்த எழுத்தாளனாலும் முழுக்கத் தீர்க்க முடியாது. உங்கள் மனதில் ஓடிய முடிவு அதைவிட நன்றாக இருந்தால் தோட்டத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொல்லுங்கள், காபி இருக்கும்.

ஏற்கெனவே பார்த்து முடித்தவர்கள் வரலாமா?

வரலாம், ஆனால் பின்வரிசை. முக்கியமான காட்சி வருவதற்கு முன்னால் திரும்பி மற்றவர்கள் முகத்தைப் பார்க்கக் கூடாது, பார்த்தால் அவர்களுக்குத் தெரிந்துவிடும். பெருமூச்சு விடக் கூடாது. யாராவது தப்பாக யூகம் சொன்னால் "ம்ம்" என்று மட்டும் சொல்ல வேண்டும், சரியாகச் சொன்னாலும் அதே "ம்ம்"தான். இதற்குச் சம்மதம் என்றால் ஞாயிறு எட்டு மணிக்குள் வந்துவிடுங்கள். எட்டு ஐந்துக்குக் கீழே கேட்டைப் பூட்டிவிடுவோம்.